கைக்குழந்தைக்குக் குரல் கம்மினால்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களுள் பல, கைக்குழந்தையின் குரல் கம்மிப்போவதைப் பற்றியே கேட்டிருந்தன. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் நகரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த அக்கடிதங்களை ஒன்றுசேர்த்து, இப்பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கேட்பவர்கள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே சொற்களில் கேட்டாலும், அவர்கள் வீட்டுக் குழந்தைகளின் நிலை ஒன்றாக இல்லை.

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் மகனுக்கு நான்கு மாதம் முடிந்திருக்கிறது. பத்து நாட்களுக்கு முன் சளியும் இலேசான காய்ச்சலும் வந்து தணிந்துவிட்டன. குரல் மட்டும் இன்னும் தெளியவில்லை. அழும்போது கரகரவென்று கேட்கிறது. பால் நன்றாகக் குடிக்கிறான், சிரிக்கிறான், தூங்குகிறான். மாலையில் நெடுநேரம் விடாமல் அழும் பழக்கம் முன்பிருந்தே உண்டு. உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று மாமியார் சொல்கிறார். மூக்கில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விடவும், வசம்பை உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவவும் விரும்புகிறார். பெரியவர் மனத்தை நோகடிக்கவும் எனக்கு விருப்பமில்லை. இது எதனால் வந்தது? நான் என்ன செய்ய வேண்டும்?
— தோட்டத் தாய் ஒருவர், பகாவ்

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், சளிக்காய்ச்சலைக் கொண்டுவந்த அதே கிருமி குரல்வளையையும் தொட்டுச் சென்றிருக்கிறது என்பதே பெரிதும் பொருந்துகிற காரணம். குரல்வளையில் இரண்டு மெல்லிய குரல் நாண்கள் உள்ளன. குழந்தை அழும்போது அவை நொடிக்கு 400 முறைக்கும் மேலாக ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. கிருமித் தொற்றினால் அவற்றின் மேல்தோல் சற்று வீங்கினாலும் அதிர்வு சீராக இருக்காது. அந்தச் சீரின்மையே நமக்குக் கரகரப்பாகக் கேட்கிறது. வீக்கம் வடிவதற்கு முன்பே ஒவ்வொரு மாலையும் நீண்ட அழுகை தொடருமானால், நாண்களுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. ஆகவே சளி போன பின்னும் குரல் தெளியச் சில நாட்கள் கூடுதலாகப் பிடிக்கலாம். இத்தகைய கரகரப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். இதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படுவதில்லை. கடையில் விற்கும் இருமல் மருந்துகளை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை எளியவை. தாய்ப்பாலை வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். தொண்டையை ஈரமாக வைத்திருக்க அதைவிடச் சிறந்தது வேறில்லை. ஆறு மாதம் நிறையும் வரை வெந்நீரோ கஷாயமோ தேவையில்லை. மாலை அழுகையைத் தொடக்கத்திலேயே தணிக்கப் பாருங்கள். அழுதால்தான் நுரையீரல் பலப்படும் என்று விட்டுவிடுவது இந்நாட்களில் நல்லதன்று. தோளில் சாய்த்து நடப்பது, வீட்டின் சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைப்பது, பால் குடித்த பின் ஏப்பம் விடச் செய்வது ஆகியவை பல குழந்தைகளுக்கு உதவுகின்றன.

வீட்டுப் புகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குளிப்பாட்டியவுடன் குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவதும், இரவு முழுவதும் கொசுவத்திச் சுருளை அறைக்குள் எரியவிடுவதும், வாசலில் நின்று சிகரெட் பிடித்துவிட்டு அதே சட்டையோடு குழந்தையைத் தூக்குவதும் நம் வீடுகளில் சர்வசாதாரணம். புண்பட்ட குரல்வளைக்கு இம்மூன்றும் கெடுதலே. கொசுவுக்கு வலை இருக்கிறது. தலைமுடியைத் துண்டால் துடைத்தாலே உலர்ந்துவிடும். புகைமூட்ட மாதங்களில் காற்றுத் தூய்மைக் குறியீடு 100-ஐத் தாண்டும் நாட்களில் குழந்தையை வெளியே கொண்டுபோகாமல் சன்னலை அடைத்து வையுங்கள்.

மாமியார் சொல்லும் எண்ணெய்க்கும் தேனுக்கும் வருகிறேன். அவர் அன்பினால்தான் சொல்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டையும் செய்யவிடாதீர்கள். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் குழந்தை இருமி வெளியே தள்ளிவிடும். எண்ணெய் அப்படி இருமலைத் தூண்டாமல் வழுக்கிக்கொண்டு நுரையீரல் வரை இறங்கித் தங்கிவிடும். அங்கே அது உண்டாக்கும் அழற்சி மாதக்கணக்கில் நீடிக்கும் ஒருவகை நிமோனியாவாக மாறுகிறது. தேனின் ஆபத்து வேறு வகையானது. தேனில் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் விதைத்துகள்கள் இருக்கக்கூடும். நமது குடல் அவற்றை எதிர்த்துவிடும். ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு தசைகளைத் தளரச் செய்யும்போது முதலில் மலச்சிக்கல் வரும். பிறகு கண்ணிமை தொங்கும், பால் உறிஞ்சும் வலு குறையும், அழுகை ஈனக்குரலாகும். குரலுக்காகக் கொடுத்த தேனே குரலை அடக்கிவிடக்கூடும் என்பதை மாமியாரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பிறந்தவுடன் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பெரியவருக்குக் குழந்தைக்காக ஏதேனும் செய்ய வேண்டும் என்னும் தவிப்பு இருக்கும். மாலை அழுகையின்போது குழந்தையை ஏந்தி நடக்கும் வேலையை அவரிடமே ஒப்படையுங்கள்.

இனி, எவ்வளவு நாள் காத்திருக்கலாம் என்ற கேள்வி. குரல் நாளுக்கு நாள் தெளிந்து வருமானால் பொறுத்திருக்கலாம். இரண்டு வாரம் கடந்தும் முன்னேற்றம் இல்லையென்றால், அல்லது தெளிந்த குரல் காரணமின்றி மீண்டும் மீண்டும் கம்முமானால், அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் காட்டி, காது மூக்கு தொண்டை மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையில் அப்பிரிவு இருக்கிறது. அங்கே நூடுல்ஸ் இழை போன்ற மெல்லிய ஒளிக்குழாயை மூக்கின் வழியே செலுத்திக் குரல் நாண்களை நேரில் பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான்; பெரும்பாலான கைக்குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்காமலேயே செய்துவிடலாம். வெளியிலிருந்து ஊகிப்பதைவிட ஒருமுறை பார்த்துவிடுவது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து.

அடிக்கடி பால் கக்கும் குழந்தையாக இருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வயிற்று அமிலம் தொண்டை வரை ஏறிவந்து குரல் நாண்களை அரிப்பதும் நீண்ட கரகரப்புக்கு ஒரு காரணம். பால் குடித்தபின் அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்திருப்பதே இதற்கு முதல் மருந்து.

கேள்வி: என் பேத்திக்கு இரண்டு மாதம் ஆகப்போகிறது. பிறந்தது முதலே அவள் அழுகை தடித்த குரலில், கரகரப்பாக இருக்கிறது. மிகவும் சாதுவான பிள்ளை. பசித்தாலும் அழமாட்டாள், நாமாகத்தான் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். பிறந்தபோது வந்த மஞ்சள் மூன்று வாரத்துக்கு மேல் இருந்து மெல்லத்தான் மறைந்தது. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறைதான் மலம் போகிறது. நாக்கு சற்றுப் பெரிதாக, வெளியே தெரிகிறது. தொப்புளும் பிதுங்கியிருக்கிறது. மகள் கவலைப்படுவாள் என்று நான் எதுவும் சொல்லவில்லை. குரல் போகப்போகச் சரியாகிவிடுமா?
— ஒரு பாட்டி, ரொம்பின்

பதில்: அம்மா, இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த அன்றே குழந்தையைக் கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். உங்கள் கடிதம் கிடைத்தவுடன் ஆசிரியர் குழு வழியாகவும் இச்செய்தியை அனுப்பியிருக்கிறோம். கரகரத்த அழுகை, அதிகத் தூக்கம், நீடித்த மஞ்சள், மலச்சிக்கல், பெரிய நாக்கு, பிதுங்கிய தொப்புள் ஆகிய அனைத்தும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பது, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி பிறவியிலேயே குறைவாக வேலை செய்கிறதோ என்று ஐயுற வைக்கிறது. நீங்கள் சாது என்று சொல்லும் குணமும் அந்தக் குறைவின் அடையாளமாக இருக்கலாம்.

உலகளவில் ஏறத்தாழ 2,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை காணப்படுகிறது. தைராய்டு சுரக்கும் நீர் போதாதபோது உடலின் எல்லா இயக்கமும் மந்தமாகிறது. திசுக்களில் நீர்த்தன்மையுள்ள பொருள் தங்கி, நாக்கும் குரல் நாண்களும் தடிக்கின்றன. குரல் கரகரப்பது அதனால்தான். குரலைவிடப் பெரிய இழப்பு மூளைக்கு நேர்கிறது. மூளை வேகமாக வளரும் முதல் மாதங்களில் இந்நீர் கிடைக்காவிட்டால், பிற்காலத்தில் எவ்வளவு மருந்து கொடுத்தாலும் இழந்த அறிவாற்றலை முழுமையாக மீட்க முடியாது. ஆகையால் பிறந்த இரண்டு வாரத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவதே சிறந்தது. தாமதமான குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் கணக்குத்தான்.

மலேசிய மருத்துவமனைகளில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து இதற்கான சோதனையைச் செய்கிறார்கள். உங்கள் பேத்திக்கும் செய்திருப்பார்கள். அதன் முடிவு குழந்தையின் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். முடிவு சரியாக இருந்ததாக எழுதியிருந்தாலும், இத்தனை அறிகுறிகள் உள்ள குழந்தைக்கு மீண்டும் இரத்தம் எடுத்துப் பார்ப்பதே முறை. சில வகைக் குறைபாடுகள் அந்த முதற் சோதனையில் பிடிபடுவதில்லை. நோய் உறுதியானால் மருத்துவம் எளிது: லெவோதைராக்சின் என்னும் சிறு மாத்திரையைப் பொடித்து, சிறிதளவு தாய்ப்பாலிலோ நீரிலோ கரைத்து நாள்தோறும் கொடுக்க வேண்டும். சோயாப் பாலோடும் இரும்புச்சத்து மருந்தோடும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. அவை மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும்.

மகளிடம் இன்றே சொல்லிவிடுங்கள், அம்மா. உங்கள் கண்ணுக்குப் பட்டவற்றை நீங்கள் வரிசையாக எழுதியதுபோல் மருத்துவரிடமும் சொன்னால், அவருக்கு வேறு எதுவும் அதிகம் கேட்க வேண்டியிருக்காது.

கேள்வி: எங்கள் பையனுக்குப் பதினோரு மாதம். சென்ற வாரம் இரவு ஒரு மணிக்கு நாய் குரைப்பதுபோல் இருமிக்கொண்டு எழுந்தான். குரல் அடைத்திருந்தது. அழும்போதெல்லாம் மூச்சை உள்ளே இழுக்கையில் கொர்ரென்று சத்தம் வந்தது. வெந்நீர் வாளியின் அருகே ஆவி பிடிக்க வைத்தோம், விடியற்காலையில் குறைந்தது. மறுநாள் இரவும் அப்படியே. பகலில் நன்றாக விளையாடுகிறான். மறுபடியும் வந்தால் என்ன செய்வது? நாங்கள் இருப்பது செம்பனைத் தோட்டத்தின் உட்பகுதி; மருத்துவமனைக்குப் போக நேரமாகும்.
— லாரி ஓட்டுநர் ஒருவர், ஜெம்போல் வட்டாரம்

பதில்: நீங்கள் விவரித்திருப்பது குரூப் எனப்படும் குரல்வளை அழற்சி. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கே இது மிகுதியாக வரும். பாராஇன்புளுயன்சா என்னும் வைரசே பெரும்பாலும் காரணம். பகலில் தணிந்து இரவில் மிகுவது இதன் இயல்பு. இரண்டு மூன்று இரவுகள் தொல்லை கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும்.

பெரியவர்களுக்கு வெறும் தொண்டைக்கட்டாக முடிகிற வீக்கம் குழந்தைக்கு ஏன் மூச்சுத் திணறலாகிறது என்று கேட்கலாம். கைக்குழந்தையின் குரல் நாண்களுக்குச் சற்றுக் கீழே மூச்சுப்பாதையின் உள்விட்டம் 4 மில்லிமீட்டர் அளவே இருக்கும். அதன் சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால், காற்றுப் போகும் இடம் கால் பங்காகச் சுருங்கிவிடும். அப்போது எழும் ஒலியே நீங்கள் கேட்ட கொர்ரென்ற சத்தம்.

அடுத்த முறை வந்தால் முதலில் நீங்கள் பதற்றப்படாமல் இருங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவன் மேலும் அழுவான், அழுதால் வேகமாக மூச்சை இழுப்பான், இழுக்க இழுக்க அந்தக் குறுகிய பாதை இன்னும் ஒடுங்கும். தாயின் மடியில் நிமிர்ந்து உட்கார வையுங்கள். அவனுக்கு எந்த நிலை சுகமோ அந்த நிலையிலேயே விடுங்கள். வாயைத் திறந்து கரண்டியால் அழுத்தித் தொண்டையைப் பார்க்காதீர்கள். வெந்நீர் வாளியை அருகில் வைக்கவே வைக்காதீர்கள். ஆவி இந்நோய்க்குப் பயன் தருவதாக நிறுவப்படவில்லை. வாளி கவிழ்ந்து உடல் வெந்துபோன குழந்தைகளின் துன்பமோ மிகவும் கொடியது.

அழும்போது மட்டும் சத்தம் வந்து, அமைதியானதும் நின்றுவிட்டால், காலையில் மருத்துவரிடம் காட்டலாம். அமைதியாக இருக்கும்போதும் சத்தம் கேட்டால், கழுத்துக் குழியோ விலா எலும்புகளின் இடையோ மூச்சுக்கு மூச்சு உள்வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், அல்லது குழந்தை சோர்ந்து துவண்டால், அந்த நொடியே புறப்பட வேண்டும். சத்தம் குறைந்துகொண்டே வர, குழந்தையும் களைத்துப்போவது நலமடைவதன் அடையாளம் அன்று. காற்றே போகவில்லை என்று பொருள். 999-ஐ அழையுங்கள். தோட்டத்தின் உட்பகுதியில் இருப்பவர்கள் ஆம்புலன்ஸ் சந்திக்கும் இடமாக நெடுஞ்சாலை முனையைச் சொல்லிவிட்டு, வண்டி இருந்தால் அதுவரை தாங்களே கொண்டுவருவது நேரத்தை மிச்சப்படுத்தும். மருத்துவமனையில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டை வாய்வழியாக ஒருமுறை கொடுத்தாலே சில மணி நேரத்தில் வீக்கம் வடியத் தொடங்கும். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம். ஒரே ஒரு வேளை கொடுக்கும் மருந்தினால் கெடுதல் வருவது அரிது. கடுமையாக இருந்தால் அட்ரினலினைப் புகைவடிவில் முகமூடி வழியே கொடுத்து, சில மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். உங்களைப் போல் தொலைவில் இருப்பவர்கள், இரண்டாம் இரவு வரை காத்திராமல் முதல் நாள் பகலிலேயே காட்டிவிடுவது நல்லது.

இன்னொன்று. சளியோ காய்ச்சலோ இல்லாமல், தரையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று புரையேறி இருமல் வந்து குரல் கம்மினால், கச்சானோ, மணியோ, பொம்மையின் சிறு பாகமோ தொண்டையில் சிக்கியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். பொத்தான் வடிவ பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே உட்புறத்தை அரித்துவிடும். அதற்குக் காத்திருத்தல் என்பதே கிடையாது.

கேள்வி: குறைமாதத்தில் பிறந்த எங்கள் மகள் பல நாள் மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டிருந்தாள். இதயத்தில் மூடாமல் இருந்த இரத்தக் குழாயையும் அறுவை செய்து கட்டினார்கள். இப்போது ஐந்து மாதம். அழுகை காற்றாகவே வெளிவருகிறது. பால் குடிக்கும்போது அடிக்கடி புரையேறுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
— பெற்றோர், கோலப்பிலா

பதில்: உண்டு. இடப்புறக் குரல் நாணை இயக்கும் நரம்பு, மூளையிலிருந்து நேராகக் குரல்வளைக்கு வருவதில்லை; மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியை வளைத்துச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறுகிறது. உங்கள் மகளுக்குக் கட்டிய இரத்தக் குழாய் அந்த வளைவை ஒட்டியே இருக்கிறது. மிகச் சிறிய உடலில் செய்யும் அறுவையில் அந்நரம்பு பாதிக்கப்படுவது அறியப்பட்ட விளைவு. அறுவை செய்தவரின் கவனக்குறைவு என்று கொள்ள வேண்டாம். ஒரு நாண் அசையாமல் நின்றால் இரண்டும் முழுமையாகச் சேராது. இடைவெளி வழியே காற்று ஒழுகுவதால் அழுகை காற்றாகக் கேட்கிறது, அதே இடைவெளி வழியே பாலும் மூச்சுக்குழாய்க்குள் கசிகிறது. குரலைவிட இந்தப் பால் கசிவுக்குத்தான் முதலில் வழி காண வேண்டும். ஒளிக்குழாய்ச் சோதனையும், விழுங்குவதைக் கவனிக்கும் பேச்சுப் பயிற்சியாளரின் ஆலோசனையும் தேவை. பாலின் கெட்டித்தன்மையை மாற்றுவது, சாய்த்துப் பிடிக்கும் கோணத்தை மாற்றுவது போன்றவற்றை அவர்கள் கற்றுத்தருவார்கள். குறைமாதக் குழந்தையின் பாலில் கெட்டியாக்கும் பொருள் எதையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். பல குழந்தைகளுக்கு மற்றொரு நாண் நாளடைவில் கூடுதலாக நகர்ந்து ஈடுசெய்துகொள்கிறது. நீண்ட நாள் குழாய் இருந்ததால் நாண்களுக்குக் கீழே தழும்பு ஏற்பட்டுப் பாதை குறுகியிருக்கிறதா என்பதையும் அதே சோதனையில் பார்த்துவிடுவார்கள்.

பிறந்த நாள் தொட்டே குரல் மெலிந்திருக்கும் குழந்தைகளிடம் வேறு காரணங்களும் உண்டு. நாண்களுக்கிடையே பிறவியிலேயே மெல்லிய சவ்வு இருக்கலாம். சில வாரம் நன்றாக இருந்து பிறகு மூச்சில் சத்தமும் குரல் மாற்றமும் வளர்ந்துகொண்டே வருகிற குழந்தையின் தாடையிலோ உதட்டோரத்திலோ செந்நிற மச்சம் இருந்தால், அதே வகை இரத்தக்குழாய்க் கட்டி மூச்சுப்பாதையிலும் இருக்கக்கூடும். புரோப்ரனோலால் என்னும் பழைய இதய மருந்து இக்கட்டியைச் சுருக்குவதை 2008-இல் பிரான்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட பின், பல குழந்தைகள் அறுவையிலிருந்து தப்பியிருக்கிறார்கள். மாதக்கணக்கில் மோசமாகிக்கொண்டே போகும் கரகரப்புக்குக் குரல் நாண்களில் முளைக்கும் மருக்களும் காரணமாகலாம். எச்பிவி வைரசின் 6, 11 ஆகிய வகைகள் பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றுவதால் இவை தோன்றுகின்றன. ஆஸ்துமா என்று எண்ணி நெடுங்காலம் மருந்து கொடுத்துவிடும் அபாயம் இதில் உண்டு. குழந்தையை எப்போதும் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம்: ஆஸ்துமாவில் இழுப்பு இருக்கும், குரல் கெடாது.

மூச்சை இழுக்கும்போது மட்டும் கிறீச்சென்ற ஒலி, மல்லாந்து படுத்தால் அதிகம், குப்புறத் தூக்கினால் குறைவு, அழுகையோ கணீரென்று தெளிவாக இருக்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். அது குரல் கம்மல் அன்று. குரல்வளையின் குருத்தெலும்பு மென்மையாக இருப்பதால் வரும் அந்த ஒலி, எடை நன்றாக ஏறும் குழந்தைகளில் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் மறைந்துவிடும். ஒலி குறைகிறதென்று குப்புறப் படுக்க வைத்துத் தூங்கச் செய்ய வேண்டாம். தூக்கத்தில் மல்லாந்த நிலையே பாதுகாப்பானது.

கேள்வி: எங்கள் அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பிள்ளை பெற்றவள் புழுங்கல் அரிசிதான் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் பிள்ளைக்குக் குரல் அடைத்துவிடும் என்று சொல்லுவார். இதில் உண்மை ஏதும் உண்டா? இப்போது என் மருமகள் பத்தியமாக வெள்ளை அரிசிச் சோறும் மிளகு ரசமும் மட்டுமே உண்கிறாள்.
— ஓய்வு பெற்ற ஆசிரியர், பகாவ்

பதில்: ஐயா, உங்கள் தாயாரின் சொல்லில் ஆழ்ந்த உண்மை இருக்கிறது, அதற்குச் சான்று கிடைத்த இடமும் நம் நாடுதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் சுரங்கங்களிலும் சிறைகளிலும், நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோயால் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை வாட்டிய அந்நோய், புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அரிதாகவே தொட்டது. நம் நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த பிராடன் என்னும் மருத்துவர் இதைக் கவனித்து, அரிசியே காரணம் என்று 1907-இல் நூல் எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில் கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெட்சர் என்பவர் ஒரு பிரிவினருக்கு வெள்ளை அரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களிடையே நோயும் சாவும் மிகுந்தன, மற்றவர்களிடையே நோய் பரவவில்லை. பிரேசர், ஸ்டான்டன் என்னும் மருத்துவ ஆய்வாளர்கள் நம் மாநிலத்து துரியான் திப்பூஸ் காட்டுப் பகுதியில் சாலை போட்ட ஜாவாத் தொழிலாளர்களிடம் இதை மேலும் உறுதிப்படுத்தினார்கள். நெல்லை அவித்து உலர்த்தும்போது உமிக்கடியிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து பி1 அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சரிசியைத் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது.

இனி குரலுக்கு வருவோம். தாயின் உடலில் தயமின் குறைந்தால் பாலிலும் குறையும். அப்பாலை மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் பெரிபெரி வரலாம். குரல் நாண்களை இயக்கும் நரம்பு தளர்ந்து, முதலில் கரகரப்பும், பின்னர் வாய் திறந்து முகம் சுருங்கி அழுதும் சத்தம் வராத நிலையும் உண்டாகும். இதயமும் பலவீனமடைவதால் இது உயிரைப் பறிக்கும். ஆனால் தயமின் ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே குழந்தை தேறத் தொடங்குவதைக் காணலாம். 2003-இல் இஸ்ரேலில் ஒரு சோயாப் பால்மாவில் இச்சத்து விடுபட்டுப்போனதால் கைக்குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். சில குழந்தைகள் உயிரிழந்தன. பழங்காலத்தோடு முடிந்துவிட்ட நோய் என்று இதை ஒதுக்க முடியாது.

இன்றைய மலேசியாவில் இது அரிது. ஆயினும் வெள்ளைச் சோறும் ரசமும் மட்டும் என்று வாரக்கணக்கில் நீளும் பத்தியத்தை நான் ஏற்கமாட்டேன். பூண்டும் மிளகும் இருக்கட்டும். அவற்றோடு மீன், முட்டை, கோழி, பச்சைப்பயறு, துவரம்பருப்பு, கீரை எல்லாம் தட்டில் இருக்க வேண்டும். உங்கள் தாயார் சொன்ன புழுங்கல் அரிசியையே சமைத்துப் போடுங்கள். சோற்றை அதிக நீரில் வடித்துக் கஞ்சியைக் கொட்டிவிடாதீர்கள். தயமின் நீரில் கரைவது. பிரசவத்துக்குப் பின் கிளினிக்கில் கொடுக்கும் சத்து மாத்திரைகளையும், சூடு என்று சொல்லி நிறுத்தாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: குழந்தைக்குக் குரல் கம்மியிருப்பதால் ஐந்தாம் மாதத் தடுப்பூசியைத் தள்ளிப்போடலாமா?
— ஒரு தாய், பகாவ்

பதில்: இலேசான சளிக்கும் குரல் கம்மலுக்கும் தள்ளிப்போட வேண்டியதில்லை. 38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் மட்டும் மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு அந்த அளவு காய்ச்சல் வந்தால், ஊசி இருக்கட்டும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியாவும் குரல் கம்மலோடு தொடங்கும் நோய்தான். தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படர்ந்து மூச்சை அடைக்கும். மறைந்துவிட்டதென்று நாம் எண்ணிய அந்நோய் 2016-இல் மலேசியாவில் மீண்டும் தலைதூக்கிக் குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோயிற்று. 2, 3, 5, 18 ஆகிய மாதங்களில் போடப்படும் கூட்டுத் தடுப்பூசியில் டிப்தீரியாவுக்கும், குரல்வளை மூடியை வீங்கச் செய்யும் ஹிப் கிருமிக்கும் காப்பு இருக்கிறது. குறித்த நாளில் போக முடியாமற்போனாலும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பதிவேட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஊசி நாளில் செல்லுங்கள், விடுபட்டதிலிருந்து தொடர்ந்து போடுவார்கள்.